பட்டாணித் தண்டும் பங்கசின் திறவுகோலும்

இளந்தண்டின்மேல் விழும் நீர்த்துளி முத்தாக உருண்டோடக் காண்கிறோம். செடி தன்மேற் போர்த்துள்ள புறத்தோல் என்னும் கவசமே அதற்குக் காரணம். மெழுகு தோய்ந்த அக்கவசத்தின் மூலப்பொருள் கியூற்றின். கொழுப்பமிலங்கள் ஒன்றோடொன்று பிணைந்து அமைந்த வலை அது. பல்லும் நகமும் இல்லாத ஒரு பங்கசு இதனை எங்ஙனம் கடக்கின்றது? ஊசிபோலத் துளைக்கின்றதா, அன்றிக் கரைத்துக்கொண்டு நுழைகின்றதா? தாவர நோயியலார் நெடுங்காலம் வழக்காடிய வினா இது.

பட்டாணிச் செடியின் வேரையும் அடித்தண்டையும் அழுகச் செய்யும் பியூசேரியம் சொலானி என்னும் மண்வாழ் பங்கசு இவ்வழக்கிற் சாட்சியாயிற்று. கேரளத்திற் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் ஆய்வு நடத்திய கொலாட்டுக்குடி என்பார், இப்பங்கசைக் கியூற்றினிலேயே வளர்த்து, அதனைச் சிதைக்கும் கியூற்றினேசு என்ற நொதியத்தை 1975ஆம் ஆண்டில் உடனாய்வாளர் ஒருவருடன் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். அந்நொதியத்தை முடக்கும் பிறபொருளெதிரியை வித்திகளோடு சேர்த்துத் தண்டிலிட்டபோது தொற்றுத் தடைப்பட்டது என்பதும் 1979இல் வெளியாயிற்று. பங்கசைக் கொல்ல வேண்டுவதில்லை; அதன் திறவுகோலைப் பறித்தாற் போதும் என்ற நம்பிக்கை அன்று துளிர்த்தது.

இனித்தான் விந்தை. நொதியத்தை ஆக்கும் பரம்பரை அலகு எந்நேரமும் முழுமூச்சில் இயங்குவதில்லை. செடியைத் தொட்டதும் விழிக்கின்றது. கியூற்றினோ நீரிற் கரையாத பெரும் பொருள். வித்தியினுள்ளே புகுந்து செய்தி சொல்ல அதனால் இயலாது. அவ்வாறாயின் எழுப்புவது யார்? 1986இல் விடை வந்தது. வித்தி சிறிதளவு நொதியத்தை முன்னரே கைக்கொண்டு வருகின்றது. அது கவசத்தைச் சற்றே சுரண்ட, கொழுப்பமிலத் துணுக்குகள் உதிர்கின்றன. அத்துணுக்குகளே பரம்பரை அலகைத் தட்டியெழுப்ப, கால் மணி நேரத்துள் நொதியத்துக்கான தூது ஆர்.என்.ஏ. தோன்றிவிடுகின்றது. செடியின் கவசமே பகைவனுக்கு ஒற்றனாகின்றது!

பப்பாசிக் காயிற் காயம் இருந்தாலன்றி நுழையமாட்டாத வேறொரு பங்கசுக்கு இப்பரம்பரை அலகை 1989இல் ஊட்டினர். அதுவும் காயமற்ற காயினுள் நுழைந்தது. வழக்கு முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பர்.

ஆனால், 1992இல் ஸ்டால், ஷேபர் என்னும் இருவர் அதே பியூசேரியத்தில் அப்பரம்பரை அலகைச் சிதைத்துப் பார்த்தனர். நொதியம் இழந்த பங்கசு முன்போலவே பட்டாணியைத் தாக்கிற்று. திறவுகோல் இன்றியும் கதவு திறந்தது! கொலாட்டுக்குடியின் குழுவினர் வாளாவிருக்கவில்லை. 1994இல் அவர்களும் பரம்பரை அலகைச் சிதைத்தனர். பங்கசின் வீரியம் குறைந்தது என்றே அவர்கள் கண்டனர். ஒரே நோய், ஒரே வகைச் சோதனை, முரண்பட்ட இரு தீர்ப்புகள். இருசாராரையும் பொய்யர் என்பதற்கில்லை. 'இன்றியமையாதது' என்பதும் 'துணையாவது' என்பதும் வெவ்வேறு என்பதே என் எண்ணம்.

2002இல் வந்த ஆய்வு இதனை இன்னும் சிக்கலாக்கியது. இப்பங்கசிடம் கியூற்றினேசுக்கான பரம்பரை அலகு ஒன்றன்று, மூன்று உள. அவற்றுள் ஒன்று துணுக்குகள் எழுப்ப எழுவது. ஏனைய இரண்டும் எழுப்பாமலே தாழ்ந்த அளவில் இயங்குவன. இவ்விருவகையையும் ஆள்வன வெவ்வேறு புரதங்கள். வித்தி கைக்கொண்டு வந்த அந்தச் சிறிதளவு நொதியம் எங்கிருந்து கிடைத்தது என்பது அப்பொழுதுதான் தெளிவாயிற்று.