எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட்

நம் சங்க அன்பர்கள் பலருடைய வீட்டில் இன்று ஹோம் தியேட்டர் வந்துவிட்டது. பெரிய டிவி, அதன் கீழே ஆம்ப்ளிஃபயர், சுற்றிலும் ஐந்தாறு ஸ்பீக்கர்கள், தமிழ்ச் சேனல்களுக்கு செட்-டாப் பாக்ஸ், சினிமாவுக்கு ஃபயர் ஸ்டிக். கூடவே நான்கு ரிமோட்டுகள். பிள்ளைகள் காலையில் ஹைடெக் சிட்டிக்குக் கிளம்பிய பிறகு, வீட்டில் இருக்கும் பெரியவர்கள் இந்த நான்கையும் பார்த்து மலைத்துப்போய், டிவியைத் தொடாமலே இருந்துவிடுகிறார்கள். இத்தனை செலவு செய்தும் அவர்களுடைய மத்தியானப் பொழுது மௌனமாகவே கழிகிறது.

இதற்கு மருந்துதான் யுனிவர்சல் ரிமோட். ஆனால் வாங்கிய ஒரு மாதத்தில் அது அலமாரிக்குள் போய்விடுவதும் உண்டு. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

1967-ல் நம் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தின் கறுப்பு வெள்ளை 'ஈசி டிவி' பலருக்கு நினைவிருக்கும். எழுந்துபோய்க் குமிழைத் திருகத்தான் வேண்டும். அமெரிக்காவில் ஜெனித் கம்பெனியின் யூஜின் பாலி, 1955-லேயே ஒளிக்கற்றையால் இயங்கும் ரிமோட்டைச் செய்துவிட்டார். வெயில் பட்டாலும் சேனல் மாறியது அதன் குறை. மறு வருடமே அதே கம்பெனியின் ராபர்ட் ஆட்லர், சிறு அலுமினியத் தண்டுகளைத் தட்டி, காதுக்குக் கேட்காத ஒலியால் இயங்கும் ரிமோட்டைக் கொண்டுவந்தார். அதற்கு பேட்டரியே வேண்டாம்!

இன்றைய ரிமோட்டுகளில் பெரும்பாலானவை அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகின்றன. இது நம் கண்ணுக்குத் தெரியாது. ரிமோட் முனையிலுள்ள குட்டி விளக்கு விநாடிக்குச் சுமார் 38,000 தடவை துடிக்கிறது. அந்தத் துடிப்பை விட்டுவிட்டு அனுப்பி, தந்தி அடிப்பது போலச் செய்தி சொல்கிறது. செய்தியில் இரண்டு பகுதிகள்: யாருக்கு, என்ன செய்ய. டிவிக்கு வந்த தந்தியை ஆம்ப்ளிஃபயர் பொருட்படுத்தாது. எல்லா ரிமோட்டும் அனுப்புவது ஒரே வகை ஒளிதான், விலாசமும் வாசகமும்தான் வேறு. அதனால்தான் ஒரே ரிமோட் பலவற்றுக்கும் தந்தி அடிக்க முடிகிறது.

யுனிவர்சல் ரிமோட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கம்பெனி வாரியாகக் குறியீட்டு எண்கள் முன்பே பதிந்திருக்கும். மற்றது 'லர்னிங்' ரிமோட். பழைய ரிமோட்டையும் இதையும் முகத்துக்கு முகம் சில சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, ஒவ்வொரு பட்டனாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெயில் படாத இடத்தில் செய்வது நல்லது. கோட்டி குஜராத்தி கல்லியில் வாங்கப் போகுமுன், உங்கள் செட்-டாப் பாக்ஸ் ரிமோட்டைப் பாருங்கள். டிவியின் பவர், வால்யூம் பட்டன்களைக் கற்றுக்கொள்ளும் வசதி பலவற்றில் இருக்கிறது. ஃபயர் ஸ்டிக் மட்டும் புளூடூத்தில் இயங்குவது. லர்னிங் ரிமோட் அதைக் கற்றுக்கொள்ளாது.

இனி முக்கியமான சிக்கல். அகச்சிவப்பு ரிமோட் ஒருவழித் தூதன். சொல்லும், பதில் கேட்காது. பெரும்பாலான சாதனங்களில் ஆன் செய்யவும் ஆஃப் செய்யவும் ஒரே பட்டன், ஒரே செய்தி. கோடையில் கரண்ட் போய் வருகிறது. செட்-டாப் பாக்ஸ் தானே விழித்துக்கொள்கிறது, ஆம்ப்ளிஃபயர் தூங்குகிறது. இப்போது எல்லாவற்றையும் ஆன் செய்யும் பட்டனை அமுக்கினால், தூங்கியது எழுந்துகொள்ளும், விழித்திருந்தது படுத்துவிடும். பெரியவர்கள் மேலும் இரண்டு தடவை அமுக்க, குழப்பம் வளரும். கடைசியில் அலுவலகத்தில் இருக்கும் பிள்ளைக்குப் போன்!

இதற்கு வழி, அந்தச் சாதனங்களையே ஒன்றோடொன்று பேசவைப்பது. எச்.டி.எம்.ஐ. கேபிளில் 13-வது முள் சி.இ.சி. என்ற இருவழிப் பேச்சுக்கென்றே ஒதுக்கப்பட்டது. சாம்சங் இதை 'எனிநெட் பிளஸ்' என்றும், சோனி 'பிராவியா சிங்க்' என்றும், எல்.ஜி. 'சிம்ப்லிங்க்' என்றும் அழைக்கின்றன. டிவியிலும் ஆம்ப்ளிஃபயரிலும் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதிய துளைகளைக் கேபிளால் இணைத்து, இரண்டின் மெனுவிலும் இந்த வசதியை ஆன் செய்யுங்கள். டிவி எழுந்தால் ஆம்ப்ளிஃபயரும் எழும், டிவியின் வால்யூம் பட்டனுக்கே ஸ்பீக்கர் ஒலி கூடிக் குறையும். இதை முதலில் செய்துவிட்டால், ரிமோட் கற்க வேண்டியது ஏழெட்டு பட்டன்கள்தான்.

பிறகு செய்ய வேண்டியவை சில:

தேவையான பட்டன்களுக்குப் பக்கத்தில் நெயில் பாலிஷால் பொட்டு வையுங்கள். பவருக்கு ஒரு நிறம், வால்யூமுக்கு வேறு நிறம்.

வரிசையைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

வேலை செய்யாவிட்டால், செல்போனின் முன்பக்கக் கேமரா வழியாக ரிமோட் முனையைப் பார்த்தபடி பட்டனை அமுக்குங்கள். பெரும்பாலான போன்களில் ஊதா நிற மினுக்கல் தெரியும். அது தெரியாவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

பழைய ரிமோட்டுகளை எறிந்துவிடாதீர்கள். மெனுவுக்குள் போய் மாற்றங்கள் செய்ய அவை தேவைப்படும். பேட்டரியைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள்.

எல்லாம் முடிந்ததும், நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காமல், பெரியவர்களே தாமாக மூன்று நாள் இயக்கிப் பார்க்கட்டும். அவர்கள் எந்தப் பட்டனில் தயங்குகிறார்களோ அதை மாற்றி அமையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இதற்குப் போதும். அதன் பிறகு அவர்கள் நினைத்த நேரத்தில், யாரையும் எதிர்பார்க்காமல், பழைய படமோ பாட்டுக் கச்சேரியோ பார்க்கலாம்.