ஓடும் கார் திடீரென்று நிற்பது ஏன்?

என்ஜினைப் பிரிக்கும் முன் சாவியைப் பாருங்கள்!

எந்த ஊரிலும் நடக்கக்கூடிய சம்பவம் இது.

டிரைவர் ஒருவர். அவரிடம் பழைய அம்பாசடர் கார் ஒன்று. அதை வாடகைக்கு ஓட்டித்தான் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் காப்பாற்றி வந்தார்.

ஒரு நாள் கல்யாண கோஷ்டியை ஏற்றிக்கொண்டு போனார். ரெயில்வே கேட் வந்தது. தண்டவாள மேட்டில் கார் ஒரு குலுக்குக் குலுக்கியது. உடனே என்ஜின் நின்றுவிட்டது!

முன் சக்கரம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். பின் சக்கரம் இந்தப் பக்கம்!

பட்டு வேட்டியோடு இருந்தவர்கள் எல்லாம் இறங்கித் தள்ளினார்கள். நல்ல வேளை, ரெயில் வரவில்லை.

மறுநாள் முதல் செலவு ஆரம்பித்தது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பிளக்குகளை மாற்றினார். பெட்ரோல் பம்பையும் மாற்றினார். மூத்த பெண்ணின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு வைத்திருந்த பணம் போய்விட்டது.

கார் மறுபடியும் நின்றது.

கடைசியில், வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனார்.

"தம்பி, வண்டி இருமிவிட்டு நிற்கிறதா? விளக்கை அணைத்தது போல் நிற்கிறதா?" என்று அவர் கேட்டார்.

"விளக்கை அணைத்தது போலத்தான் அண்ணே!"

"அப்படியானால் பெட்ரோலில் கோளாறு இருக்காது. சாவியைக் கொடு."

மெக்கானிக் என்ஜினை ஸ்டார்ட் செய்தார். சாவிக் கொத்தை ஒரு விரலால் ஆட்டினார். என்ஜின் நின்றது!

குற்றவாளி பம்ப் அல்ல. சாவி போடும் சுவிட்ச்!

இரண்டே கேள்விகள்

பெட்ரோல் என்ஜின் ஓடுவதற்கு இரண்டு பொருள்கள் தவறாமல் வரவேண்டும். ஒன்று பெட்ரோல். மற்றொன்று மின்பொறி. எது வரவில்லை என்று கண்டுபிடிக்காமல் சாமான் வாங்குவது, நோய் தெரியாமல் மருந்து தின்பதைப் போன்றது. (டீசல் காரில் மின்பொறிக்கு வேலை இல்லை. அது வேறு கதை.)

பெட்ரோல் குறைந்தால் என்ஜின் உடனே சாகாது. திணறும்; இருமும்; வேகம் குறையும்; பிறகு நிற்கும். மின்சாரம் அறுந்தால் அப்படி அல்ல. ஒரே நொடியில் நின்றுவிடும். பெரும்பாலும் இந்த அடையாளம் பொய்ப்பதில்லை.

பொறி வருகிறதா என்று பார்ப்பது சுலபம். நல்ல பிளக் ஒன்றை வயரில் மாட்டி, அதன் இரும்புப் பாகம் என்ஜினில் படும்படி வைக்கவேண்டும். பிறகு ஒருவர் ஸ்டார்ட்டரைப் போடவேண்டும். நீல நிறத்தில் "சடக் சடக்" என்று பொறி பறந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தால் கோளாறு. பிளக்கையும் வயரையும் வெறுங் கையால் தொடக்கூடாது, ஷாக் அடிக்கும். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருந்தால் இந்தச் சோதனையே கூடாது. பொறி பறந்து கார் தீப்பற்றிவிடும்!

பழைய அம்பாசடரில் பொறி கெடுவதற்கு முக்கியக் காரணம் "பாயிண்ட்". டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு முனைகள் இவை. ஒவ்வொரு பொறிக்கும் ஒரு தடவை திறந்து மூடும். நாளாக ஆகக் கருகிப் பள்ளம் விழும். 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினில் இந்த முனைகளின் இடைவெளி சுமார் 0.4 மில்லி மீட்டர் இருக்கவேண்டும். கையில் அளவுத் தகடு இல்லாத டிரைவர்கள் விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்த்துச் சமாளிப்பது உண்டு. ஊர் வந்து சேருவதற்கு அது போதும்!

பிளக் வயர்களைக் கழற்றியவர்கள் இடம் மாற்றி மாட்டிவிடுவதும் உண்டு. அந்த என்ஜினில் பொறி வரும் வரிசை 1, 3, 4, 2. இரண்டு வயர் மாறினாலும் கார் குதிரையைப் போல் குதிக்கும்.

ஈரத்துணி வைத்தியம்

சித்திரை வெயிலில் பழைய கார்களுக்கு இன்னொரு நோய் வரும். என்ஜின் சூட்டில், குழாயில் இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். பம்பினால் ஆவியை இழுக்க முடியாது. டிரைவர்கள் இதை "ஏர் லாக்" என்பார்கள்.

இதற்கு ஒரு காசு செலவில்லை. பானெட்டைத் திறந்து வைத்து, பம்பின் மேலும் பெட்ரோல் குழாயின் மேலும் ஈரத்துணி போட்டு, அரை மணி நேரம் மரநிழலில் உட்கார்ந்தால் போதும். டிஸ்ட்ரிபியூட்டர் மட்டும் நனையக்கூடாது. ரேடியேட்டர் மூடியையும் சூட்டோடு திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும்.

சுவிட்ச் கெடுவது எப்படி?

கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1958 முதல் 2014 வரை அம்பாசடர் கார்கள் தயாராயின. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்துச் செய்த வண்டி அது. தயாரிப்பு நின்றுவிட்டதால், கடைசியாக வந்த கார்கூட இன்று பழைய கார்தான். அவற்றின் சாவித் துவாரங்கள் ஆயிரக்கணக்கான தடவை திருப்பப்பட்டவை.

பூட்டுக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் இருக்கின்றன. சாவியின் பற்கள் அவற்றை நகர்த்தினால்தான் பூட்டு திரும்பும். தூசியும் தேய்மானமும் சேர்ந்து தகடுகள் ஆட்டம் கொடுத்துவிடும். அதில் கனமான சாவிக் கொத்து வேறு தொங்கி ஆடினால் கேட்கவேண்டுமா? சுவிட்சின் உள்ளே மின்சாரம் விட்டு விட்டு வரும்.

சந்தேகம் தீர, இரண்டு வயர் வைத்த சிறு பல்பு ஒன்று போதும். என்ஜினை ஓட்டாமல், சாவியை மட்டும் திருப்பி வைக்கவேண்டும். சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் முனையில் ஒரு வயர். காரின் பாடியில் மற்றொரு வயர். சாவியை ஆட்டும்போது பல்பு அணைந்து அணைந்து எரிந்தால், கோளாறு சுவிட்சிலோ அதன் வயரிலோதான். சோதனை முடிந்ததும் சாவியைத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் காயில் சூடேறிக் கெடும்.

சுவிட்சை மாற்றும்போது முதல் வேலை, பாட்டரி வயரைக் கழற்றுவது. அடுத்து, ஒவ்வொரு வயரிலும் காகிதத் துண்டு கட்டி அடையாளம் எழுதுவது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். வயர் மாறினால் புகை கிளம்பும்!

கதவுப் பூட்டு

கதவுப் பூட்டை மாற்றுவதில் பொறுமைதான் பெரிது. கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, கைப்பிடிகளையும் உட்பக்க அட்டையையும் கழற்றவேண்டும். பூட்டை அதற்குள் இருந்துதான் எடுக்க முடியும். புதிய பூட்டைப் பொருத்தியதும், கதவைத் திறந்து வைத்தபடியே சாவி போட்டுப் பூட்டித் திறந்து பார்ப்பது அவசியம். அவசரப்பட்டுக் கதவைச் சாத்தினால், சாவியும் திறக்காமல், உள்ளே கையும் எட்டாமல் வெளியே நிற்க நேரிடும்.

சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை பக்கம் தேடினால் பழைய கார்களின் சாமான்கள் அகப்படும். ஆனால் தனித்தனியாக வாங்கினால் டிரைவர் பக்கக் கதவுக்கு ஒரு சாவி, டிக்கிக்கு ஒரு சாவி என்று ஆகிவிடும். கெட்டிக்காரப் பூட்டுக்காரர் பித்தளைத் தகடுகளை மாற்றி அடுக்கி, பழைய சாவியே எல்லாவற்றுக்கும் சேரும்படி செய்துவிடுவார். ஆர்.சி. புத்தகத்தைக் காட்டச் சொன்னால் கோபிக்கக்கூடாது. கேட்பவர்தான் யோக்கியமான பூட்டுக்காரர்.

தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் வெட்டினால், நகலும் தேய்ந்ததாகவே இருக்கும். பூட்டிலோ சாவியிலோ எண் பொறித்திருந்தால், அதைக் கொண்டு வெட்டுவது நல்லது. இறுகிய பூட்டுக்கு வீட்டில் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அது தூசியைப் பிடிக்கும். மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். பென்சில் கரியைப் பொடி செய்து ஊதினால் பூட்டு வழுவழுப்பாகத் திரும்பும்.

அந்த டிரைவர் என்ன செய்தார்? புது சுவிட்ச் போட்டார். பம்பின் விலையோடு ஒப்பிட்டால் அது அற்பச் செலவு. அவருடைய கொத்தில் பதினோரு சாவிகள் இருந்தன. கார் சாவியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டார். மற்ற பத்தும் மனைவியின் இடுப்புக்குப் போய்விட்டன.

பழைய பம்ப்? அது நல்ல பம்ப்தானே! காகிதத்தில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறார்.