அடுப்பைத் தன் வளாகத்துக்கே கொண்டுவந்த மருத்துவமனை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் லா கிராஸ் ஒரு காலத்தில் மரத்தால் பிழைத்த ஊர். வடக்கே காடுகளில் வெட்டிய பைன் மரங்கள் ஆற்றில் மிதந்து வந்து இங்கே அறுபட்டன. அடால்ஃப் குண்டர்சன் என்ற நார்வே டாக்டர் 1891-இல் வந்து சேர்ந்தபோது மர ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு காடு தீர்ந்தது, ஆலைகள் மூடின. அவர் பெயரைத் தாங்கிய மருத்துவமனை வளர்ந்தது.

அந்த மருத்துவமனைக்கும் நெடுங்காலம் மின்சாரம் என்பது கம்பியில் வருவது, மாதம் பிறந்தால் பணம் கட்டுவது, அவ்வளவுதான். விஸ்கான்சின் மின்சாரத்தில் பெரும்பகுதி அன்று நிலக்கரியை எரித்து வந்தது. மூச்சுத்திணறலோடு வரும் குழந்தைக்கு இங்கே நெபுலைசர் வைப்பார்கள். அதை ஓட்டும் மின்சாரத்துக்காக எங்கோ ஒரு புகைபோக்கி வேறு குழந்தைகளின் காற்றைக் கெடுத்துக்கொண்டிருக்கும். அப்போதைய தலைமை நிர்வாகி ஜெஃப் தாம்சன் குழந்தை மருத்துவர். இதைச் சும்மா விட அவருக்கு மனம் வரவில்லை.

2008-இல் ஓர் இலக்கு வைத்தார்கள்: 2014-க்குள் செலவழிக்கும் அளவு ஆற்றலைத் தாங்களே உண்டாக்குவது. உடனே எதையும் கட்டிவிடவில்லை. முதலில் விளக்கு, விசிறி, குளிரூட்டி என்று வீணாவதைத் தேடித் தேடி அடைத்தார்கள். எனக்கு அவர்கள்மேல் மதிப்பு வந்தது இந்த வரிசையைப் பார்த்துத்தான். பிறகு காற்றாலை, மாட்டுப் பண்ணைச் சாண வாயு, குப்பைமேட்டு வாயு. 2013-இல் வளாகத்திலேயே மரச்சில்லு எரிக்கும் பாய்லர்.

பாய்லரில் உயர் அழுத்த நீராவி பிறக்கிறது. அது முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. வேலை முடித்து வெளியேறும் நீராவியில் இன்னும் நிறையச் சூடு மிச்சம். வெறும் மின்சாரத்துக்காகக் கட்டிய பழைய அனல் நிலையங்களில் எரிபொருள் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆற்றுக்கும் காற்றுக்கும் போய்விடும். மருத்துவமனைக்கோ அந்தச் சூடுதான் வேண்டும்: கருவிகளைக் கிருமி நீக்க, வெந்நீருக்கு, மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும் குளிர்காலத்தில் வார்டுகளைக் கதகதப்பாக வைக்க. இரவு பகல் பாராமல் வெப்பம் கேட்கும் இடத்தில்தான் இந்த ஏற்பாடு முழுப் பலன் தரும்.

2014 அக்டோபர் 14 அன்று, செலவழித்ததைவிட அதிக ஆற்றலை அந்த நிறுவனம் உண்டாக்கியது.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு கேள்விகளை விட முடியாது. வெட்டிய மரத்தின் கழிவை எரிப்பது ஒன்று, எரிப்பதற்கென்றே மரத்தை வெட்டுவது வேறொன்று. இரண்டாவதற்கு இறங்கினால் இந்த முயற்சியின் நியாயமே போய்விடும். அடுத்தது புகை. விறகுப் புகையின் நுண்துகளும் நுரையீரலைக் கெடுப்பதுதான்; வடிகட்டி ஒரு நாளும் தளரக் கூடாது. அது ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்க வேண்டிய நுரையீரல் டாக்டர்கள் இப்போது அதே வளாகத்தில் இருக்கிறார்கள்.