மூச்சு நின்றவருக்கு முகமூடி மட்டும் போதுமா?

"ஏலே, வாயுவைத் திறலே! மூக்குல மாட்டு!"

கடலில் மூழ்கியவரை மயங்கிய நிலையில் படகில் தூக்கிப் போட்டால், பதறுகிறவர்கள் போடும் முதல் சத்தம் இதுதான். பிராணவாயு உயிர் காக்கும். சந்தேகமே இல்லை. ஆனால் முறை தெரியாமல் கொடுத்தால்? காப்பாற்ற வேண்டிய நிமிடங்கள் கைநழுவிப் போகும்!

வெறும் காற்றுதான்!

முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது "ஆக்சிஜன் சிலிண்டர்" என்றே பலரும் நினைக்கிறார்கள். தப்பு! பெரும்பாலும் அதில் இருப்பது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் பிராணவாயு. மீதி நைட்ரஜன். ஆழத்தில் இது ரத்தத்தில் கரைகிறது. வேகமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்தது போல் குமிழ் குமிழாகக் கிளம்புகிறது. கை கால் மரத்துப் போகும். மயக்கமும் வரலாம். சுத்தப் பிராணவாயு அந்த நைட்ரஜனை வெளியேற்ற உதவும். அதற்குத் தனி சிலிண்டர் வேண்டும்.

விஷமாகுமா?

"சுத்தப் பிராணவாயு வலிப்பைக் கொண்டு வருமாமே?" பாதி உண்மை. 1878-ல் பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர்ட் இதை எழுதி வைத்தார். ஆனால் அது அழுத்தம் செய்யும் வேலை. சுமார் 6 மீட்டருக்குக் கீழே போனால் ஆபத்து. படகில் படுத்திருப்பவருக்கு அந்தப் பயம் வேண்டாம்.

உண்மையான ஆபத்து

மூச்சில்லாதவர் முகத்தில் முகமூடியை மாட்டிவிட்டுக் காத்திருப்பதுதான் ஆபத்து! சில கருவிகளில் மூச்சை இழுத்தால்தான் வாயு வரும். இழுக்காதவருக்கு ஏது வாயு? முதலில் தலையை நிமிர்த்தி, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். அசைவில்லையா? மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். 30 தடவை அழுத்தி, 2 தடவை ஊத வேண்டும். பிராணவாயு இதோடு சேர வேண்டும். இதற்குப் பதில் அல்ல.

வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் கூடாது. வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்க வைத்து, முகமூடியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பீடி அணையட்டும்!

சிலிண்டர் திருகு இறுகிப் போச்சே என்று எண்ணெய் போட்டால் தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் ஆகாது.

கண் திறந்தவுடன் "சரியாப் போச்சு, வீட்டுக்குப் போலாம்" என்று கிளம்புவது அடுத்த தப்பு. பிராணவாயுவை நிறுத்தியதும் நோய் திரும்பலாம். ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை தேவைப்படலாம்.

சிலிண்டர் வாங்கி வைத்தால் மட்டும் போதாது. படகில் ஒருவருக்காவது மூச்சு ஊதத் தெரிய வேண்டும்!