பழைய பிக்கப்பின் கதவு ஹேண்டல் உடைந்தால் என்ன செய்வது? ஏன் தள்ளிப்போடக் கூடாது?

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக்கு விடியற்காலையில் பூக்கூடை இறக்கும் வண்டி, கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் மளிகை மூட்டை ஏற்றும் வண்டி, வார இறுதியில் பாசார் மாலாமுக்குப் போகும் வண்டி. இவற்றில் பல, பதினைந்து இருபது ஆண்டுகள் ஓடிய பிக்கப்புகள். டொயோட்டா ஹைலக்ஸ், இசூசு டி-மேக்ஸ், மிட்சுபிஷி ட்ரைட்டன், நிசான் ஃப்ரொன்டியர் என்று பெயர்கள்தான் வேறு. எஞ்சின் இன்னும் நன்றாக ஓடும். ஆனால் கதவு ஹேண்டல் மட்டும் ஒருநாள் 'டக்'கென்று கையோடு வந்துவிடும்.

அதன்பிறகு நடப்பது நமக்குத் தெரிந்த கதைதான். "கண்ணாடிய எறக்கி உள்ள கைய விட்டு தெறந்துக்கலாம்" என்று ஒருவர் சொல்வார். "அந்தப் பக்கமா ஏறிக்கலாம்" என்று இன்னொருவர் சொல்வார். இப்படியே மாதங்கள் ஓடும். ஆனால் இது வெறும் வசதிக் குறைவு மட்டும்தானா? ஹேண்டல் ஏன் உடைகிறது? நாமே மாற்ற முடியுமா?

ஹேண்டல் எப்படி வேலை செய்கிறது?

வெளியே நாம் பிடித்து இழுக்கும் ஹேண்டல் கதவைப் பூட்டி வைப்பதில்லை. அந்த வேலையைச் செய்வது கதவின் ஓரத்தில் இருக்கும் லாட்ச். வண்டியின் தூணில் உள்ள கம்பி வளையத்தை, அதாவது ஸ்ட்ரைக்கரை, இந்த லாட்ச்தான் கொக்கிபோல் கவ்விப் பிடிக்கிறது.

ஹேண்டலுக்கும் லாட்ச்சுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பி உண்டு. ஹேண்டலைத் தூக்கினால் அதன் பின்பக்கம் உள்ள சின்ன நெம்பு அந்தக் கம்பியைத் தள்ளும் அல்லது இழுக்கும். லாட்ச் பிடியை விடும், கதவு திறக்கும். கம்பியை ஹேண்டலோடு சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப். உள்பக்க ஹேண்டலிலிருந்து தனியாக வேறொரு கம்பியோ கேபிளோ அதே லாட்ச்சுக்குப் போகும். அதனால்தான் வெளி ஹேண்டல் உடைந்தாலும் உள்ளிருந்து கதவைத் திறக்க முடிகிறது.

ஆகவே "ஹேண்டல் போச்சு" என்று முடிவு செய்வதற்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். ஹேண்டல் முழுசாக இருந்து, தூக்கும்போது எந்த எதிர்ப்பும் இல்லாமல் தளர்வாக ஆடினால், உடைந்தது ஹேண்டலாக இல்லாமல் உள்ளே இருக்கும் அந்தச் சின்ன கிளிப்பாக இருக்கலாம். அப்படியென்றால் வேலையும் சின்னது, செலவும் சின்னது.

ஏன் உடைகிறது?

முதல் காரணம் வெயில். பல பழைய பிக்கப்புகளின் ஹேண்டல் பிளாஸ்டிக்கால் ஆனது. ஆண்டு முழுக்க அடிக்கும் நம்ம ஊர் வெயிலின் புற ஊதாக் கதிர்களும் வெப்பமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வளையும் தன்மை இல்லாததாக ஆக்கிவிடும். சில வண்டிகளில் ஹேண்டலின் பின்பகுதி வார்ப்பு உலோகம். அதுவும் வளையாது, நேராக முறிந்துவிடும்.

இரண்டாவது காரணத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. லாட்ச்சில் இருக்கும் கிரீஸ் காலப்போக்கில் காய்ந்து, தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். லாட்ச் இறுகினால் திறக்க அதிக பலம் தேவைப்படும். அந்த பலம் முழுவதும் விழுவது ஹேண்டலின் பின்னால் உள்ள மெல்லிய நெம்பின்மேல்தான். கதவு லேசாகத் தொங்கிப்போய், ஸ்ட்ரைக்கரோடு சரியாகப் பொருந்தாமல் இருந்தாலும் இதே கதைதான்.

அதாவது, உடைந்தது ஹேண்டல் என்றாலும் உண்மையான பிரச்சனை லாட்ச்சில் இருக்கலாம். லாட்ச்சைச் சுத்தம் செய்யாமல் புது ஹேண்டல் மட்டும் போட்டால், அதுவும் சீக்கிரமே உடையும்.

இதில் என்ன ஆபத்து?

ஓடும்போது கதவு தானாகத் திறந்துவிடுமோ என்பது பலருடைய பயம். லாட்ச் நன்றாக இருந்தால், ஹேண்டல் உடைந்ததால் மட்டும் அப்படி நடக்காது. கதவு லாட்ச்சுகளுக்கு ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 11ஆம் எண் வாகன விதிமுறை உண்டு. அதன்படி, முழுமையாகப் பூட்டிய லாட்ச் வண்டியின் நீளவாக்கில் 11,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். சுமார் 1,100 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். இத்தகைய விதிமுறைகளை வகுக்கும் 1958ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் மலேசியா 2006இல் இணைந்தது.

உண்மையான ஆபத்து வெளியே வருவதில்தான் இருக்கிறது. விபத்து நடந்து, உள்ளே இருப்பவர் மயங்கிக் கிடந்தால் கதவைத் திறக்க வேண்டியது வெளியே நிற்பவர். ஹேண்டல் இல்லாத கதவை அவர் எப்படித் திறப்பார்? கண்ணாடியை உடைக்க வேண்டும், அல்லது பொம்பா வீரர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும். புகையோ தீயோ இருந்தால் அந்த நிமிடங்கள் ரொம்ப முக்கியம்.

டபுள் கேப் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பின்கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள் ஹேண்டல் வேலை செய்யாது. அதே கதவின் வெளி ஹேண்டலும் உடைந்திருந்தால், அந்தக் கதவை உள்ளிருந்தும் திறக்க முடியாது, வெளியிலிருந்தும் திறக்க முடியாது. சைல்டு லாக்கை எடுத்துவிடலாம் என்றால், அதன் பட்டன் கதவின் ஓரத்தில் இருக்கிறது. கதவைத் திறந்தால்தான் அதைத் தொடவே முடியும்! பிள்ளைகள் உட்காரும் பக்கம் என்பதால் இதை ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். வெளி ஹேண்டல் தளர ஆரம்பித்ததுமே சைல்டு லாக்கை எடுத்து வைத்துவிடுங்கள்.

வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "ஹேண்டல் பிந்து லுவார்" என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். ஆனால் அதற்குமுன் நான்கு விவரங்கள் கையில் இருக்கட்டும்: வண்டியின் மாடலும் ஆண்டும், இடதா வலதா, முன்கதவா பின்கதவா, சாவித் துளை உள்ளதா இல்லாததா. ஒரே பெயரில் வந்தாலும் தலைமுறை மாறினால் ஹேண்டல் மாறும். உதாரணத்துக்கு, 2005க்கு முந்தைய ஹைலக்ஸும் அதற்குப் பிறகு வந்த ஹைலக்ஸும் வேறு வேறு வண்டிகள். சந்தேகம் இருந்தால் உடைந்த ஹேண்டலையே கையோடு கொண்டு போவது நல்லது. இணையத்தில் வாங்குவதாக இருந்தால் சேசி எண்ணை விற்பவருக்கு அனுப்பிக் கேளுங்கள்.

பொதுவாக மூன்று வகை கிடைக்கும். முதலாவது, நிறுவனத்தின் ஒரிஜினல் பாகம். விலை அதிகம், ஆனால் அளவு சரியாகப் பொருந்தும். இரண்டாவது, வெளி நிறுவனங்கள் தயாரிப்பது. தாய்லாந்து பிக்கப் தயாரிப்பில் பெரிய நாடு என்பதால் அங்கிருந்து வரும் பாகங்கள் இங்கே நிறைய. மூன்றாவது, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கெடாய் போத்தோங். இங்கே ஒரிஜினல் பாகம் குறைந்த விலையில் கிடைக்கலாம். ஆனால் அந்த ஹேண்டலும் உங்கள் வண்டியைப் போலவே பல வருஷம் வெயிலில் காய்ந்ததுதான். நெம்பின் அடியில் முடிபோல் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எந்த வகையானாலும் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஹேண்டலைத் தூக்கி விட்டால் அதுவாகவே சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். மோதலின் அதிர்ச்சியில் ஹேண்டல் தன் சொந்த எடையாலேயே நகர்ந்து கதவைத் திறந்துவிடாமல் தடுப்பதில் அந்த ஸ்பிரிங்குக்கும் பங்கு உண்டு.

மாற்றுவது எப்படி?

தேவையானவை: ஸ்டார் ஸ்குரூடிரைவர், தட்டை ஸ்குரூடிரைவர், 10 மில்லிமீட்டர் சாக்கெட் ஸ்பேனர், பழைய துணி, கைப்பேசி வெளிச்சம், கிரீஸ். மழை வராத நேரமாகப் பாருங்கள். முதல் தடவை செய்கிறீர்கள் என்றால் அவசரம் இல்லாத ஒரு காலைப் பொழுது வேண்டும்.

1. கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றுங்கள். அப்போதுதான் கதவுக்குள் கை போக இடம் கிடைக்கும். சாவியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. கையால் சுற்றும் கண்ணாடி என்றால், அந்தச் சுற்றும் கைப்பிடியின் பின்னால் ஒரு வளைந்த கிளிப் இருக்கும். கைப்பிடிக்கும் கதவுப் பலகைக்கும் நடுவில் பழைய துணியை விட்டு, இடமும் வலமுமாக இழுங்கள். கிளிப் வெளியே வரும். தெறித்து ஓடிவிடும், கவனம்.

3. உள் ஹேண்டலைச் சுற்றியுள்ள ஸ்குரூவையும் ஆர்ம்ரெஸ்ட் ஸ்குரூக்களையும் கழற்றுங்கள். பிறகு கதவுப் பலகையின் ஓரத்தை மெதுவாக நெம்பினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடும். பலகையை மேலே தூக்கி எடுங்கள். பவர் விண்டோ இருந்தால் வயர் பிளக்கையும் கழற்ற வேண்டும்.

4. உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். கிழிக்காமல் ஒரு மூலையிலிருந்து உரியுங்கள். மழைத் தண்ணீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது அதுதான்.

5. கம்பி எந்தத் துளையில், எந்தத் திசையில் மாட்டியிருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பிளாஸ்டிக் கிளிப்பைக் கம்பியிலிருந்து திருப்பி விடுவித்து, கம்பியைக் கழற்றுங்கள். வலுக்கட்டாயமாக இழுத்தால் கிளிப் உடையும்.

6. ஹேண்டலைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றுங்கள். பழைய தூக்கும் வகை ஹேண்டல்களில் பெரும்பாலும் இரண்டு இருக்கும். சாவித் துளை ஹேண்டலோடு சேர்ந்திருந்தால், அந்தப் பூட்டை எடுத்துப் புது ஹேண்டலில் மாட்டுங்கள். அப்படிச் செய்தால் பழைய சாவியையே பயன்படுத்தலாம்.

7. இப்போது லாட்ச். கதவின் ஓரத்தில் தெரியும் பகுதியில் முதலில் டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரே அடித்து அழுக்கைத் துடையுங்கள். பிறகு வெள்ளை கிரீஸ் தடவுங்கள். ஸ்பிரே மட்டும் போதாது, அது சீக்கிரம் காய்ந்துவிடும்.

8. புது ஹேண்டலைப் பொருத்தி, கம்பியை மாட்டி, கிளிப்பைப் பூட்டுங்கள். ஹேண்டல் சும்மா இருக்கும்போது கம்பி லாட்ச்சை இழுக்கக் கூடாது. கொஞ்சம் தளர்ச்சி இருக்க வேண்டும். கம்பி இறுக்கமாக இருந்தால் லாட்ச் முழுசாகப் பூட்டாமல் போகலாம். ஓடும்போது கதவு திறக்கும் ஆபத்து இங்கேதான் உருவாகிறது. சில வண்டிகளில் கம்பியின் முனையில் திருகி அளவு சரிசெய்யும் பகுதி இருக்கும்.

கதவை மூடுவதற்குமுன்!

முக்கியமான கட்டம் இது. கதவு திறந்திருக்கும்போதே லாட்ச்சைச் சோதிக்க வேண்டும். ஸ்குரூடிரைவரின் தண்டால் லாட்ச்சின் கொக்கியைத் தள்ளினால் 'கிளிக், கிளிக்' என்று இரண்டு தடவை சத்தம் வரும். முதல் கிளிக் பாதிப் பூட்டு, இரண்டாவது முழுப் பூட்டு. இப்போது வெளி ஹேண்டலைத் தூக்குங்கள், கொக்கி விட வேண்டும். மறுபடி பூட்டி உள் ஹேண்டலால் திறந்து பாருங்கள். பிறகு சாவியாலும் லாக் பட்டனாலும் பூட்டித் திறந்து பாருங்கள்.

எல்லாம் சரியென்றால் மட்டும் கதவை மூடுங்கள். சோதிக்காமல் மூடி, கம்பி கழன்றுபோனால், மூடிய கதவின் உட்பலகையைக் கழற்றுவது பெரும்பாடு. சோதித்தபிறகு பிளாஸ்டிக் ஷீட்டை ஓரம் முழுக்க அழுத்தி ஒட்டி, பலகையை மாட்டுங்கள்.

எப்போது ஒர்க்ஷாப்புக்குப் போக வேண்டும்?

கதவு மூடியபடியே சிக்கி, உள் ஹேண்டலும் வேலை செய்யவில்லை என்றால் நீங்களே நெம்ப வேண்டாம். கதவு மூடும்போது ஒரு கிளிக் மட்டும் கேட்டால், கதவு கீழே தொங்கியிருந்தால், அல்லது விபத்தில் அடிபட்ட கதவாக இருந்தால், அது ஹேண்டல் பிரச்சனை மட்டும் அல்ல. கீல், ஸ்ட்ரைக்கர், லாட்ச் மூன்றையும் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒர்க்ஷாப்பில் கொடுத்தாலும், "அண்ணே, லாட்ச்சையும் கிளீன் பண்ணி கிரீஸ் போட்டுடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கதவுப் பலகை ஏற்கெனவே கழற்றப்பட்டிருக்கும் என்பதால் அதற்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள்தான் ஆகும். வண்டியை வாங்கும்போது நான்கு கதவுகளையும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.