இல்லத்தின் அமைதியும் கணினியின் இரைச்சலும்

நாம் வாழும் வீடுகளை அமைதி பெறும் இடங்களாக ஆக்கித் தந்திருப்பதைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அல்லாஹ் திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயத்தில் எடுத்துரைக்கின்றான். அந்த அமைதியைப் பேணுவது குடும்பத்தார் ஒவ்வொருவரின் பொறுப்பாகும். உரத்த பேச்சும் ஓயாத தொலைக்காட்சியும் அமைதியைக் கெடுக்கின்றன என்பதை நாம் அறிவோம். ஆனால் மேசையின் கீழே நின்றுகொண்டு நாளெல்லாம் 'உர்ர்' என்று இரைந்துகொண்டிருக்கும் கணினியைப் பற்றி யாரும் முறையிடுவதில்லை. "இயந்திரம் என்றால் சத்தம் இருக்கத்தானே செய்யும்" என்று பழகிப் போய்விட்டோம்.

திண்டுக்கல்லில் பேகம்பூர் போன்ற பழைய பகுதிகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் மிகுதி. கணினிக்கென்று தனி அறை வைத்துக்கொள்ளும் வசதி எத்தனை பேருக்கு உண்டு? இஷாவுக்குப் பின் மகள் தேர்வுக்குப் படிக்கின்றாள். அதே கூடத்தில் கைக்குழந்தை உறங்குகின்றது. தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழ வேண்டிய பெரியவர் புரண்டு புரண்டு படுக்கின்றார். லுக்மானுல் ஹக்கீம் தம் மகனுக்குக் கூறிய அறிவுரைகளில், குரலைத் தாழ்த்திக்கொள் என்பதும் ஒன்று. நம் குரலுக்கு உரிய ஒழுக்கம் நாம் வாங்கி வைக்கும் கருவிக்கும் இருப்பது நல்லதல்லவா?

இரைச்சல் எங்கிருந்து பிறக்கின்றது?

கணினிப் பெட்டியின் பின்புறத்தில், மின்கம்பி செருகும் இடத்தில், இரும்பாலான சிறு பெட்டி ஒன்று இருக்கும். கடைக்காரர்கள் இதை எஸ்.எம்.பி.எஸ். என்பர். தமிழில் மின்வழங்கி எனலாம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை, கணினிக்குத் தேவையான 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருவது இதன் பணி. இம்மாற்றத்தின்போது மின்சாரத்தில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகின்றது. அந்த வெப்பத்தை வெளியேற்றவே உள்ளே ஒரு விசிறி சுழல்கின்றது. வெப்பம் கூடினால் விசிறியின் வேகம் கூடும். வேகம் கூடினால் இரைச்சலும் கூடும்.

ஆகவே ஓர் உண்மையை மனத்தில் கொள்ளுங்கள். மின்வழங்கியின் இரைச்சல் வீணாகும் மின்சாரத்தின் குரலேயாகும். விரயத்தைக் குறைத்தால் இரைச்சல் தானே அடங்கும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். உங்கள் கணினிக்கு 100 வாட் தேவை என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 70 பங்கு மட்டுமே பயன்தரும் மட்டமான மின்வழங்கி, அந்த 100 வாட்டைத் தருவதற்குச் சுவரிலிருந்து 143 வாட் இழுக்கும். 43 வாட் வெப்பமாகும். நூற்றுக்கு 90 பங்கு பயன்தரும் நல்ல மின்வழங்கி 111 வாட் மட்டுமே இழுக்கும். வெப்பம் 11 வாட் தான். நான்கில் ஒரு பங்கு வெப்பம் என்றால் விசிறிக்கு எவ்வளவு ஓய்வு! நாள்தோறும் எட்டு மணி நேரம் கணினி ஓடும் வீட்டில் இதனால் ஓராண்டில் 90 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் மிச்சமாகும். வீண் விரயத்தை வன்மையாகக் கண்டிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு இது சிறிய செய்தியன்று.

விசிறியை நிறுத்திவிட்டால் என்ன?

இப்படிக் கேட்டவர்கள் முன்பே இருந்திருக்கின்றார்கள். அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் 1977 இல் வெளியிட்ட 'ஆப்பிள் 2' கணினியில் விசிறியே இருக்கக் கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் விரும்பினார். ராட் ஹோல்ட் என்ற பொறியாளர், குறைந்த வெப்பத்தையே வெளியிடும் மின்வழங்கி ஒன்றை வடிவமைத்து அவ்விருப்பத்தை நிறைவேற்றினார். முதலில் வெப்பம் குறைந்தது. அதன் பின்பே விசிறி நீங்கியது. அதே நிறுவனம் 1980 இல் 'ஆப்பிள் 3' கணினியையும் விசிறியின்றி வெளியிட்டது. ஆனால் அது சூடாகிப் பழுதுபடுகின்றது என்ற புகார்கள் குவிந்தன. முதலில் விற்ற இயந்திரங்களை மாற்றித் தர வேண்டியதாயிற்று.

சித்திரை, வைகாசியில் வெயில் 37, 38 டிகிரியைத் தொடும் நம் திண்டுக்கல் சமவெளிக்கு இந்தப் பாடம் மிகவும் பொருந்தும். விசிறியே இல்லாத மின்வழங்கிகள் இன்று சந்தையில் உண்டு. அவை குளிர்ந்த அறைக்கே ஏற்றவை. மின்வழங்கியினுள் உள்ள கெபாசிட்டர் எனப்படும் மின்தேக்கிகள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் தம் ஆயுளில் ஏறத்தாழப் பாதியை இழக்கும் என்பது பொறியாளர் கணக்கு. எனவே விசிறி வேண்டும். அது மெதுவாகச் சுழல வேண்டும். இரைச்சல் பொறுக்காமல் விசிறியின் கம்பியைத் துண்டிப்பதோ, காற்றுத் துளைகளை அடைப்பதோ ஆபத்தை அழைப்பதாகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பழைய மின்வழங்கியை மாற்றும் முன், இரைவது அதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்து, பெட்டியின் பின்புறத்திலும் பக்கங்களிலும் கேளுங்கள். பிராசஸரின் மீதுள்ள விசிறியே குற்றவாளியாக இருக்கலாம். பெட்டியைத் திறக்காமலேயே இது தெரிந்துவிடும்.

முதலாவது, அளவு. தனியே கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கணினி 150 வாட்டுக்கு மேல் இழுப்பது அரிது. அதற்கு 300 முதல் 450 வாட் வரையிலான மின்வழங்கி போதும். கார்டு இருந்தால், பிராசஸருக்கும் கார்டுக்கும் குறிக்கப்பட்ட வாட்டுகளைக் கூட்டி, அதனுடன் 100 சேர்த்து, வரும் தொகையை ஒன்றரை மடங்காக்கிக் கொள்ளுங்கள். இறுதி விளிம்பில் உழைக்கும் மின்வழங்கி சூடாகும், இரையும். அதற்காக 850 வாட் வாங்குவதும் வீணே. மிகக் குறைந்த சுமையில் அதன் பயன்திறன் இறங்கிவிடும்.

இரண்டாவது, பயன்திறன். 2004 ஆம் ஆண்டு முதல் '80 பிளஸ்' என்ற தரச்சான்று வழக்கில் உள்ளது. வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், டைட்டானியம் எனப் படிகள் உயரும். வெண்கலம் போதுமானது, இயன்றவர் தங்கத்தை நாடலாம். பாதிச் சுமையில் ஏறத்தாழ 90 சதவீதப் பயன்திறனைத் தங்கத் தரம் தரும்.

மூன்றாவது, விசிறியின் அளவு. பழைய மின்வழங்கிகளில் 80 மில்லிமீட்டர் விசிறி பின்புறத்தில் இருக்கும். இன்றைய நல்லவற்றில் 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறி உண்டு. சிறிய விசிறி ஓடி ஓடித் தள்ளும் காற்றைப் பெரிய விசிறி நிதானமாகவே தள்ளிவிடும். விசிறியின் வேகம் பாதியானால் ஓசை சுமார் 15 டெசிபெல் குறையும். பத்து டெசிபெல் குறைந்தாலே நம் காதுக்கு ஓசை பாதியாகத் தோன்றும்.

நான்காவது, ஓசையின் அளவு. 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்கு இரவு நேர எல்லையாக 45 டெசிபெல்லை வகுத்துள்ளன. படுக்கையறைக்கு உள்ளே 30 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் 1999 இல் வெளியிட்ட வழிகாட்டுதல். எனவே கூடத்தில் வைக்கும் கணினியின் மின்வழங்கி 25 டெசிபெல்லுக்குள் அடங்கினால் நன்று. சைப்ரஸ் நாட்டின் சைபெனெடிக்ஸ் நிறுவனம் மின்வழங்கிகளின் ஓசையை அளந்து 'லாம்ப்டா' என்ற தரம் வழங்குகின்றது. அதில் 'ஏ' என்றால் 20 முதல் 25 டெசிபெல். 'ஏ பிளஸ்' என்றால் 15 முதல் 20.

ஐந்தாவது, உட்பொருள். பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர் நம் ஊர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டு வாங்கத் தெரிந்தவர் மேல் மெருகைப் பார்ப்பதில்லை. கையில் தூக்கி எடை பார்ப்பார், உள்ளே எத்தனை நெம்பு என்று கேட்பார். மின்வழங்கியையும் அப்படியே வாங்க வேண்டும். அட்டையில் '450 வாட்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட் பிரிவுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 15 ஆம்பியர் என்றால், 12 பெருக்கல் 15, அதாவது 180 வாட்டைத்தான் அது அந்தப் பிரிவில் தரும். இன்றைய கணினியின் முக்கிய உறுப்புகள் உழைப்பதும் அந்தப் பிரிவில்தான். பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர அமைவனத்தின் பதிவெண்ணும், குறைந்தது ஐந்தாண்டு உத்தரவாதமும் இருக்கட்டும். பில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

நம் ஊருக்குரிய எச்சரிக்கைகள்

2012 இன் கடும் மின்வெட்டுக்குப் பின் இன்வெர்ட்டர் நம் வீடுகளில் இயல்பாகிவிட்டது. அது சீரான சைன் அலை மின்சாரம் தருவதா என்று கேட்டறியுங்கள். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரில் நல்ல மின்வழங்கியும் ரீங்காரமிடும். சில சமயம் அணைந்தும் போகும். அப்போது குற்றம் மின்வழங்கியுடையது அன்று.

கணினிப் பெட்டியைத் தொட்டால் 'சுருக்'கென்று உணர்கின்றீர்களா? மூன்றாவது முனைக்கு எர்த் இல்லை என்பதே அதன் பெரும்பாலான காரணம். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இதை ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். மின்பணியாளரை அழைத்துச் சரிசெய்யுங்கள்.

வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் பல. ஆலை அருகிலும் தறி உள்ள வீடுகளிலும் பஞ்சுத் தூசி விசிறியில் படிந்து இரைச்சலைக் கூட்டும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, மின்கம்பியைக் கழற்றிவிட்டு வெளிப்புறத் துளைகளைத் துடையுங்கள். மின்வழங்கியை மட்டும் திறக்காதீர்கள். கம்பியைக் கழற்றிய பின்னும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்; உயிருக்கே ஆபத்து. பெட்டிக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விடுவதும், தரையில் வைக்காமல் சிறு பலகை மீது வைப்பதும் வெப்பத்தையும் தூசியையும் குறைக்கும்.

சிக்கனம் எது?

ஆயிரக்கணக்கில் செலவிட்டுக் கணினி வாங்குவோர், மின்வழங்கியில் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்துவது வழக்கம். கடையில் பெட்டியோடு இலவசமாகக் கிடைப்பதையே ஏற்றுக்கொள்வதும் உண்டு. மட்டமான மின்வழங்கி பழுதாகும்போது தான் மட்டும் போவதில்லை. சில வேளை மதர்போர்டையும் ஹார்டு டிஸ்கையும் உடன் கொண்டுபோகும். மகனின் ஆய்வேடு, கடையின் கணக்கு, மறைந்துவிட்ட பெற்றோரின் புகைப்படங்கள் ஆகியவற்றை எந்த உத்தரவாதச் சீட்டும் திருப்பித் தராது. சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு என்பதை மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கின்றது. பத்தாண்டு உழைக்கும் பொருளுக்கு உரிய விலை கொடுப்பது விரயமாகாது.

இறுதியாக, செலவே இல்லாத ஒரு வழியும் உண்டு. வேலை முடிந்ததும் கணினியை அணைத்துவிடுங்கள். உறங்கும் வீட்டில் உழைக்கும் இயந்திரம் எதற்கு?

பெரியவரின் உறக்கமும், மாணவியின் கவனமும், அதிகாலையில் திருக்குர்ஆன் ஓதும் தாயின் மெல்லிய குரலும் காக்கப்பட வேண்டிய அமானிதங்கள். நம் இல்லங்களில் அல்லாஹ் என்றென்றும் அமைதியை நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.