கொலையாளியை முதலிலேயே காட்டியவர்கள்

வில்லியம் லிங்க்கும் ரிச்சர்ட் லெவின்சனும் பிலடெல்பியாவில் பள்ளிப் பருவத்திலேயே நண்பர்களானவர்கள். துப்பறியும் கதைகள் மீதான பைத்தியம்தான் இருவரையும் சேர்த்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தார்கள். 1954-இல் அவர்களுடைய முதல் கதை எல்லரி குயீன் மர்ம இதழில் வந்தது. அதன்பின் எழுதியதில் பெரும்பகுதியை இருவரும் சேர்ந்தே எழுதினார்கள்.

அவர்களின் பெயரை நிலைநிறுத்திய கொலம்போ என்ற போலீஸ் அதிகாரி 1960-இல் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் முதலில் தோன்றினார். மனைவியைக் கொன்ற மருத்துவர் ஒருவரின் கதை அது. அதையே விரித்து 1962-இல் மேடை நாடகமாக்கினார்கள். அதை எழுதும்போது ஒரு காட்சி நீளம் போதாமல் நின்றது. கொலம்போவோ அதற்குள் அறையைவிட்டு வெளியேறியிருந்தார். பக்கத்தை மறுபடி தட்டச்சு செய்வதைவிட அவரையே திரும்பி வரவைப்பது சுலபமாகப் பட்டது. “இன்னும் ஒரே ஒரு விஷயம்” என்று வாசலிலிருந்து திரும்பும் அவருடைய புகழ்பெற்ற பழக்கம் இப்படிப் பிறந்ததுதான்.

1968-இல் அந்த நாடகம் தொலைக்காட்சித் திரைப்படமானபோது, கொலம்போ வேடத்துக்கு வயதான நடிகர் ஒருவரைத்தான் எழுத்தாளர்கள் மனதில் வைத்திருந்தார்கள். பாடகர் பிங் கிராஸ்பியின் பெயர்கூட அடிபட்டது. கடைசியில் வந்தவர் பீட்டர் ஃபாக். ‘கொலம்போ’ தொடர் 1971-இல் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. கூட்டாக எழுதும் இரு மர்மக்கதை எழுத்தாளர்களில் ஒருவர் மற்றவரைக் கொல்வதுதான் அதன் முதல் கதை. எழுதியவர் ஸ்டீவன் போச்கோ. இயக்கியவர் அப்போது 24 வயதான ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்.

கொலம்போ கதைகள் கொலை செய்தவர் யார் என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடும். இந்த முறை இவர்கள் கண்டுபிடித்ததல்ல. ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதைக் கையாண்டிருக்கிறார். கொலம்போவின் சுபாவத்துக்கும் தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் வரும் விசாரணை அதிகாரி ஒரு முன்மாதிரி. ஆனால் அந்த முறையைக் கதைதோறும் ஒரு வர்க்க மோதலாக்கியதில்தான் இவர்களின் திறமை இருக்கிறது. செல்வாக்குள்ள, படித்த, அலட்சியமான கொலையாளி ஒருபுறம். கசங்கிய மழைக்கோட்டும் பழைய காருமாக வரும் அதிகாரி மறுபுறம். துப்பாக்கிச் சண்டையும் துரத்தலும் அநேகமாகக் கிடையாது. முழுக்க முழுக்கப் பேச்சு. தன்னை அற்பமாக நினைப்பவரைக் கொலம்போ எப்படிச் சிக்கவைக்கிறார் என்பதற்காகவே மக்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். 1972-இல் இந்தத் தொடரின் ஒரு கதைக்காக இருவரும் எம்மி விருது பெற்றனர்.

மர்மக்கதைக்கு வெளியேயும் அவர்கள் துணிந்து எழுதினார்கள். அதே 1972-இல் வந்த ‘தட் சர்ட்டன் சம்மர்’ தொலைக்காட்சித் திரைப்படம் ஓரினச் சேர்க்கையாளரான தந்தையைப் பரிவுடன் காட்டியது. அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது அரிதினும் அரிது.

1975-இல் எடுத்த ‘எல்லரி குயீன்’ தொடரில், முடிச்சவிழும் முன் துப்பறிபவர் பார்வையாளரை நோக்கித் திரும்பி, கொலையாளி யாரென்று தெரிந்ததா என்று கேட்பார். நல்ல தொடர், ஓராண்டில் நின்றுவிட்டது. அதில் உடன் பணியாற்றிய பீட்டர் ஃபிஷருடன் சேர்ந்து 1984-இல் ‘மர்டர், ஷி ரோட்’ தொடரை உருவாக்கினார்கள். ஏஞ்சலா லான்ஸ்பரி நடித்த அது 12 ஆண்டுகள் ஓடியது.

1987-இல் லெவின்சன் மாரடைப்பால் 52 வயதில் காலமானார். லிங்க் தனியே எழுத்தைத் தொடர்ந்தார். 2010-இல் கொலம்போ சிறுகதைகளை நூலாக வெளியிட்டார். அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் 2018-இல் அவருக்குத் தன் உயரிய ‘கிராண்ட் மாஸ்டர்’ விருதை வழங்கியது. 2020 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் அவர் மறைந்தார்.